இரகசிய அறிவைக் காத்தவர்களுக்குத் தமிழில் எந்தச் சொல்?

பண்டைய பிரான்சிலும் பிரித்தானியத் தீவுகளிலும் வாழ்ந்த கெல்ட்டு மக்களின் ட்ரூயிட்கள், பழைய பாரசீகத்தின் மாகிகள், ஏதென்சுக்கு அருகே எலியூசிஸில் மறைச்சடங்கு நடத்திய பூசகர்கள் ஆகியோரைப் பற்றித் தமிழில் எழுத முற்படுகிறவர், முதல் பத்தியை முடிப்பதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். இவர்களைத் தனித்தனியே அவரவர் பெயரால் அழைப்பதில் பெரிய சிக்கல் இல்லை. எல்லோரையும் ஒரே வகையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் கை நின்றுவிடுகிறது. ஊரறியச் சொல்லக் கூடாத அறிவு ஒன்றைத் தங்களிடம் வைத்திருந்து, தகுதியும் காலமும் பார்த்து, ஒரு சிலருக்கு மட்டும் அதைக் கையளித்த கூட்டத்தார் என்பதே அந்த வகை. சித்தர், மறையோர், அறிவர், ஞானி என்று நான்கு சொற்கள் தமிழில் ஆயத்தமாக இருக்கின்றன. பிறமொழிப் பெயரை அப்படியே தமிழெழுத்தில் எழுதிவிடலாம். அது ஐந்தாவது வழி. புதிதாக ஒரு தொகைச்சொல்லை ஆக்கிக்கொள்வதும் உண்டு. மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் முதலில் நினைவுக்கு வரும் சித்தரையே எடுத்தாள்கிறார்கள். அது சரியான தேர்வு என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கான காரணத்தை இச்சொற்களின் பிறப்பிலிருந்தே காட்ட முடியும்.

ஒருவரை அவர் அறிந்ததை வைத்துப் பெயரிடலாம். அவர் அடைந்ததை வைத்துப் பெயரிடலாம். பிறர் கண்ணில் படாமல் அவர் காத்ததை வைத்தும் பெயரிடலாம். பேச்சுவழக்கில் இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, ஏனெனில் அரிய ஒன்றை அறிந்தவர் உயர்ந்த நிலையை அடைந்தவராகவும், அதை எளிதில் வெளியிடாதவராகவும் இருப்பார் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் ஒரு கூட்டத்தை வகைப்படுத்திப் பெயரிடும்போது இந்தக் கலப்பு குழப்பம் செய்யும். நமக்குத் தேவைப்படுவது மூன்றாவதை முன்னிறுத்தும் சொல். அந்த ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கீழே ஒவ்வொன்றையும் அளக்கிறேன்.

பிறமொழிப் பெயர்களிலும் இதே மும்முனை இழுபறி இருப்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. ட்ரூயிட் என்ற பெயர், ஓக் மரத்தைக் குறிக்கும் ‘த்ரூஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகத் தோன்றுகிறது என்று உரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதினார். ஓக் தோப்புகளும் அவற்றின் மேல் படரும் புல்லுருவியும் ட்ரூயிட் வழிபாட்டில் பெற்றிருந்த இடத்தை அவரே விவரித்திருப்பதால், அந்த விளக்கம் அவருக்கு இயல்பாகவே பட்டிருக்கும். இன்றைய மொழியியலாளர்கள் பலர் அச்சொல்லைக் கெல்ட்டு மொழியின் இரண்டு உறுப்புகளாகப் பிரிக்கிறார்கள். முன்னுறுப்பு மரத்தையோ உறுதியையோ குறிக்கும். பின்னுறுப்பு அறிதலைக் குறிக்கும் ‘வித்’ என்ற வேர். சமஸ்கிருதத்தில் வேதம், வித்தை, வித்துவான் என்பவற்றைத் தந்த வேரும் அதுவே. ஆக, ட்ரூயிட் என்பது ஆழ்ந்து அறிந்தவர் என்று பொருள்படும் பெயர். மறைத்தலைப் பற்றி அச்சொல்லில் ஒரு குறிப்பும் இல்லை. மறைத்தல் அவர்களுடைய நடைமுறையில் இருந்தது. பண்டைய பிரான்சான கால் நாட்டில் தாம் நடத்திய போரைப் பற்றிய நூலின் ஆறாம் பகுதியில் ஜூலியஸ் சீசர் அதை விளக்குகிறார்: மாணவர்கள் ஏராளமான செய்யுள்களை நெட்டுருப் போட வேண்டும், சிலர் அதற்காக 20 ஆண்டுகள் பயிற்சியில் இருந்தார்கள், மற்றக் காரியங்களுக்குக் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினாலும் இந்தச் செய்யுள்களை மட்டும் எழுதி வைப்பது தகாது என்று கருதினார்கள். அதற்குச் சீசர் ஊகிக்கும் காரணங்கள் இரண்டு. அறிவு பொதுமக்களிடையே பரவிவிடக் கூடாது. எழுத்தை நம்பி மாணவர்கள் நினைவாற்றலைக் கைவிட்டுவிடக் கூடாது.

மாகி என்ற பெயரோ அறிவையும் சொல்லவில்லை, மறைப்பையும் சொல்லவில்லை. பழம்பாரசீகத்தில் ‘மகு’ என்பது ஒரு பூசகக் குடியின் பெயர். பழைய ஈரானிய மக்களான மீடியரின் ஆறு குலங்களுள் ஒன்றாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு அதைக் குறிப்பிடுகிறார். மாகி ஒருவர் உடனிருந்து ஓதாமல் பாரசீகர் பலியிடுவது வழக்கமில்லை என்றும் சொல்கிறார். கிரேக்கர் வாயில் அது ‘மாகோஸ்’ ஆகி, அவர்களுக்குப் புரியாத அயல்நாட்டுச் சடங்குகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக விரிந்து, கடைசியில் இன்று நாம் மேடையில் பார்க்கும் மேஜிக் என்ற சொல்லில் வந்து நிற்கிறது. குலப்பெயர் ஒன்று வித்தையின் பெயராகச் சரிந்த இந்தக் கதை, தமிழில் சொல் தேடுகிறவருக்கு ஓர் எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கையின் பலனைத் தமிழ் விவிலியத்திலேயே காணலாம். மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், குழந்தை இயேசுவைத் தேடி வருகிறவர்களை மூலம் ‘மாகோஸ்’ என்ற சொல்லின் பன்மையால் குறிக்கிறது. சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு அவர்களைச் ‘சாஸ்திரிகள்’ என்கிறது. கத்தோலிக்கரும் மற்றவரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு ‘ஞானிகள்’ என்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளின் 13ஆம் அதிகாரத்தில் வரும் பர்யேசு என்பவனுக்கும் மூலத்தில் அதே ‘மாகோஸ்’ தான். பழைய மொழிபெயர்ப்பு அங்கே ‘மாயவித்தைக்காரன்’ என்று எழுதியது. ஒரே மூலச்சொல் நல்லவர்மேல் வரும்போது சாஸ்திரியாகவும், கள்ளத்தீர்க்கதரிசிமேல் வரும்போது மாயவித்தைக்காரனாகவும் பிரிந்தது. மொழிபெயர்த்தவர்களைக் குறைசொல்ல இடமில்லை. கிரேக்கச் சொல்லே அந்தக் காலத்தில் இரண்டு முகமும் கொண்டிருந்தது. ஆனால் நாம் தேடும் பொதுச்சொல் இப்படி ஆளுக்கொரு மதிப்பெண் போடுவதாக இருக்கக் கூடாது. புகழாகவும் இகழாகவும் சாயாமல் நிற்கும் சொல்லே வரலாற்று எழுத்துக்கு உதவும்.

இனிச் சித்தர். ‘சித்த’ என்ற சமஸ்கிருதச் சொல்லின் வேர் ‘சித்’ என்பது. அதற்குக் கைகூடுதல், நிறைவேறுதல் என்று பொருள். சித்தர் என்றால் கைகூடப் பெற்றவர், அடைய வேண்டியதை அடைந்தவர். அறிவைக் குறிக்கும் இன்னொரு ‘சித்’ உண்டு. சித்தம் என்ற சொல்லும் சச்சிதானந்தத்தின் நடுப்பகுதியும் அதிலிருந்து வருபவை. சித்தத்தை அடக்கியவர் சித்தர் என்ற விளக்கத்தை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். செவிக்கு இனிய விளக்கம், ஆனால் இரண்டு வேர்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. அடைந்தவர் என்ற பொருளே தமிழ் வழக்கிலும் ஓங்கி நிற்கிறது. அணிமா, மகிமா, இலகிமா தொடங்கும் எட்டுப் பேறுகளை அட்டமாசித்தி என்கிறோம்; சித்தி என்பது அங்கே பேறுதான். ‘சித்தர் சிவலோகம் இங்கே தெரிசித்தோர்’ என்று திருமந்திரம் இலக்கணம் வகுப்பதும் அடைந்ததை வைத்தே. சமணர் தம் பஞ்ச நமஸ்காரத்தில் வணங்கும் சித்தர்களும், வடநாட்டுப் பௌத்தத்தின் 84 மகாசித்தர்களும் இதே பொருளில்தான் அப்பெயரைத் தாங்கியிருக்கிறார்கள்.

அப்படியானால் சித்தர் என்றவுடன் இரகசியம் ஏன் நினைவுக்கு வருகிறது? தமிழ்ச் சித்தர் நூல்களின் மொழியே அதற்குக் காரணம். பாதரசத்தைச் சிவனின் விந்தாகவும் கந்தகத்தைச் சக்தியின் நாதமாகவும் சொல்லும் பரிபாஷை என்ற குறிப்புமொழி, வெளியிலிருந்து படிப்பவரை வாசலிலேயே நிறுத்திவிடும். சித்த மருத்துவத்தில் வரும் முப்பு என்ற ஒரே சொல்லுக்கு எது எதைப் பொருளாகக் கொள்வது என்பதில் வைத்தியர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அளவும் புடமும் செய்யுளில் இருக்கும். செய்முறையின் திறவுகோல் குருவின் வாயில் இருக்கும். பாட்டைப் படித்துவிட்டு மருந்து செய்ய இறங்குகிறவன் உயிருக்கே உலை வைத்துக்கொள்ளலாம் என்பதால், இந்த மறைப்புக்குப் பாதுகாப்பு என்ற நியாயமும் உண்டு. இப்படிப் பார்த்தால் சித்தர்களும் இரகசியம் காத்தவர்களே என்று ஒருவர் வாதிடலாம். காத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுக்குப் பெயர் வந்தது காத்ததால் அன்று. அதோடு, சித்தர் பாடல்களில் ஒரு பெரும்பகுதி கோயிலையும் சாதியையும் சடங்கையும் நேருக்கு நேர் சாடி, எல்லோருக்கும் கேட்கும்படி ஓங்கிப் பேசுகிறது. பூசகக் குடியாக அமைந்து, அரசர்களுக்கு அருகில் இருந்து, சடங்கின் உரிமையைத் தம் கையில் வைத்திருந்த மாகிகளுக்கு இந்தப் பெயரைச் சூட்டினால், இரண்டு தரப்புக்கும் அநீதி. தமிழ் வாசகருக்குச் சித்தர் என்றால் மலை, குகை, மூலிகை, பதினெண்மர் என்ற சித்திரம் உடனே எழும். ட்ரூயிட்களைக் ‘கெல்ட்டுச் சித்தர்கள்’ என்று எழுதினால் வாசகர் ஒரு நொடியில் புரிந்துகொண்டதாக நினைப்பார். நினைத்தது பெரும்பாலும் தவறாக இருக்கும்.

மறையோர், மறையவர் என்ற சொற்கள் நம் அளவுகோலுக்கு மிக நெருங்கி வருகின்றன. மறை என்ற வேருக்குப் பொருள் ஒளிதல், ஒளித்தல். பழந்தமிழில் அது இரகசியத்துக்கும் நேர்ப்பெயர். தாம் கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்வதால் கயவர் அறையப்படும் பறை போன்றவர் என்கிறது குறள் (1076). களவுக் காதல் ஊருக்குத் தெரியவருவதைத் தொல்காப்பியம் ‘மறைவெளிப் படுதல்’ என்கிறது. அதே சொல் வேதத்துக்கும் பெயராயிற்று. ‘மறைநவில் அந்தணர்’ என்று புறநானூற்றின் கடவுள் வாழ்த்திலேயே வந்துவிடுகிறது. வேதத்துக்குத் தமிழர் இட்ட மற்றப் பெயர்களோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஓதப்படுவதால் ஓத்து, கேட்டுக் கற்கப்படுவதால் கேள்வி, மறைவாக வைக்கப்படுவதால், அல்லது பொருள் மறைந்து கிடப்பதால், மறை. வடமொழியில் வேதம் என்ற பெயர் அறிவைச் சொல்ல, தமிழ்ப்பெயர் ஒளிவைச் சொல்கிறது. வெளியில் நின்று பார்த்தவர்கள் இட்ட பெயர் போலவே அது ஒலிக்கிறது. குறுந்தொகையின் 156ஆம் பாடலில் காதல் நோயுற்ற தலைவன், தன்னை இடித்துரைக்கும் பார்ப்பனத் தோழனைப் பார்த்து, உன்னுடைய ‘எழுதாக் கற்பில்’ பிரிந்தவரைச் சேர்த்துவைக்கும் மருந்தும் உண்டோ என்று கேட்கிறான். எழுதாமல் கற்கப்படும் கல்வி என்ற அந்தத் தொடரைச் சீசரின் விவரணையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செய்யுள், நெட்டுரு, எழுத்து விலக்கு, தனிக்கூட்டம் என்று நான்கும் பொருந்துகின்றன. ட்ரூயிட் என்ற பெயரின் பாதியும் வேதம் என்ற பெயரும் ஒரே வேரிலிருந்து வருவது கூடுதல் ஒற்றுமை.

இவ்வளவு பொருத்தம் இருந்தும் மறையோர் என்ற சொல்லை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். காரணம், அது காலியாக இல்லை. ஆள் குடியிருக்கும் வீடு. சிலப்பதிகாரத்தின் மாடல மறையோனிலிருந்து தேவாரத்தின் மறையவர் வரை, அச்சொல் அந்தணரைக் குறித்தே நிலைபெற்றுவிட்டது. பாரசீகப் பூசகரை மறையோர் என்று எழுதினால், அவர் வேதம் ஓதினாரா என்ற கேள்வி வாசகர் மனத்தில் எழாமல் இராது. இன்னொரு பக்கம், மறை என்பது எந்தச் சமயத்தின் புனித நூலுக்கும் உரிய பொதுச்சொல்லாக விரிந்துவிட்டது. திருக்குறள் உலகப் பொதுமறை, குர்ஆன் திருமறை, கத்தோலிக்கத் திருச்சபையில் மறையுரை, மறைக்கல்வி, மறைமாவட்டம். மறைமாவட்டம் என்பதில் மறைவான மாவட்டம் எதுவும் இல்லை. தனித்து வரும் ‘மறை’ ஒளிவு என்ற பொருளைப் பெருமளவு இழந்துவிட்டது என்பதையே இவை காட்டுகின்றன. ஆனால் வினைகளில் அப்பொருள் குன்றாமல் இருக்கிறது. மறைத்தான், மறைந்தான், மறைவிடம், மறைமுகம் என்பவற்றில் எவருக்கும் வேதம் நினைவுக்கு வருவதில்லை. இந்த வேறுபாட்டைப் பிறகு பயன்படுத்திக்கொள்ளலாம். திருமறைக்காட்டின் கதையில் இரண்டு பொருளும் ஒரே வாசலில் சந்திக்கின்றன. வேதங்கள் வழிபட்டுத் திருக்காப்பிட்டுச் சென்ற கதவு அப்பர் பாடத் திறந்தது, சம்பந்தர் பாட அடைத்தது என்கிறது பெரிய புராணம். ஊரின் பெயரை வேதாரண்யம் என்று மாற்றிச் சொன்னவர்கள் வேதத்தை வைத்துக்கொண்டார்கள். அடைத்த கதவு பெயரிலிருந்து போய்விட்டது.

அறிவர் என்ற சொல்லில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. தனித்தமிழ் விரும்பிகளுக்கு அது உவப்பானது. தொல்காப்பியத்தில் அதற்கு மரியாதையான இடமும் உண்டு. மூன்று காலமும் நெறிவழி நடத்திய அறிவனை வாகைத் திணையில் சேர்க்கிறது அந்நூல். ஆனால் அதே தொல்காப்பியத்தின் கற்பியலில் அறிவர் செய்யும் வேலை என்ன? தலைவனுக்கும் தலைவிக்கும் நல்லது சொல்வது, அல்லதைக் கடிவது, வேண்டுமிடத்தில் இடித்துரைத்து ஓர் எல்லையில் நிறுத்துவது. வீட்டுக்குள் வந்து வெளிப்படையாகப் புத்தி சொல்கிறவரை இரகசியம் காப்பவர் வரிசையில் நிறுத்த முடியாது. பின்னால் அறிவன் என்பது புத்தருக்கும் அருகனுக்கும் பெயரானது. அவர்கள் அறமும் பலரறியச் சொல்லப்பட்டதே. இடைச்செருகலாக ஒன்று: முதல்நூல் கண்ட ‘முனைவன்’ என்று தொல்காப்பியத்தின் மரபியல் யாரைப் போற்றியதோ, அவர் பெயர் இன்று பல்கலைக்கழகப் பட்டமாகி அழைப்பிதழ்களில் வரிசைகட்டி நிற்கிறது. பழைய சொல்லை எடுத்தால் தூய பொருள் தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த முனைவரையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஞானி என்ற சொல்லுக்கு ஓரிடத்தில் மட்டும் மறுக்க முடியாத உரிமை உண்டு. கிறித்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் இருந்த ஞாஸ்டிக் குழுக்களின் பெயர் ‘ஞோசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; அதுவும் ஞானமும் உடன்பிறந்த சொற்கள். 1945இல் எகிப்தின் நாக் அம்மாடி அருகே மண்ஜாடியில் கிடைத்த சுவடிகளில் ஒன்றான தோமா நற்செய்தி, உயிருள்ள இயேசு சொன்ன மறைவான சொற்கள் இவை என்றே தொடங்குகிறது. அறிவும் மறைவும் இந்தக் குழுக்களிடம் ஒன்றாக இருந்தன என்பதால், அவர்களை ஞானவாதிகள் என்று எழுதுவது பொருத்தம். ஆனால் பொதுச்சொல்லாக ஞானி பயன்படாது. தமிழில் ஞானி என்றால் பற்றற்றவர், உலகைக் கடந்தவர். ஊர்ப்பேச்சில் அதிகம் பேசாமல் ஒதுங்கி இருக்கும் எவரையும் ஞானி என்று சொல்லிவிடுகிறோம். ஒரு சபையின் விதிக்குக் கட்டுப்பட்டு, ஆணையிட்டு, ஒன்றை வெளியே விடாமல் வைத்திருக்கும் கட்டுப்பாடு அச்சொல்லில் துளியும் இல்லை. மறைஞானி என்று முன்னொட்டுச் சேர்த்தாலும் சிக்கல் தீர்வதில்லை, ஏனெனில் அது இறையனுபவம் பெற்றவரைக் குறிக்கவே பெரும்பாலும் பயன்படுகிறது. சைவ சந்தான குரவருள் ஒருவரான மறைஞான சம்பந்தர் அப்பெயரோடு வாழ்ந்தவர்தான். ஆனால் சிவிகையில், பகலிலும் தீவட்டி முன்செல்ல வந்துகொண்டிருந்த உமாபதி சிவத்தைப் பார்த்து, பட்ட கட்டையில் பகற்குருடு போகிறது என்று அவர் தெருவில் வைத்தே சொன்னதாகத்தான் மரபு சொல்கிறது.

பெயரை ஒலிபெயர்த்து அப்படியே எழுதும் வழிக்கு வருவோம். தனிக்கூட்டத்தைக் குறிக்க இதுவே நேர்மையான வழி. ட்ரூயிட்டை ட்ரூயிட் என்றே எழுதி, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால் போதும். எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம் வேண்டும். ஆங்கில உச்சரிப்பைப் பின்பற்றி ‘மேஜை’ என்றெழுதினால் தட்டுமுட்டுச் சாமான் ஆகிவிடும். ‘மேகி’ என்றெழுதினால் நூடுல்ஸ் ஆகிவிடும். மாகி என்பது பாதுகாப்பானது. பொதுச்சொல்லாக ஒரு பிறமொழிப் பெயரை எடுத்துக்கொள்வதோ ஆபத்தானது. இதற்கு இல்லுமினாட்டியைவிட நல்ல சான்று தேவையில்லை. 1776 மே 1 அன்று பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் ஆடம் வைஷாப்ட் என்ற சட்டப் பேராசிரியர் தொடங்கிய அச்சங்கத்தை, பத்தாண்டுகள் நிறைவதற்குள் பவேரிய அரசு தடைசெய்துவிட்டது. பெயருக்கு ஒளியூட்டப்பட்டவர்கள் என்று பொருள். சங்கமே இரகசியமாக இயங்கினாலும் பெயர் ஒளியைத்தான் பேசியது. இன்று தமிழில் அச்சொல், தேர்தல் தோல்வியிலிருந்து திரைப்படத் தோல்வி வரை எதற்கும் பழிபோட உதவும் கேலிச்சொல்லாகிவிட்டது. இன்னொரு நூற்றாண்டின் பூசகர்களை அப்பெயரால் வகைப்படுத்த எவரும் துணிய மாட்டார்கள்.

எஞ்சியிருப்பது புதுச்சொல். அதற்கு ‘இரகசியம்’, ‘மறை’ என்ற இரண்டு முதலுறுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘இரகசியம்’ என்பது தனியிடம் என்று பொருள்படும் ‘ரகஸ்’ என்ற வடசொல்லிலிருந்து வருவது. வைணவ மரபில் அதற்கு நிலைத்த சமயப் பொருளும் உண்டு. எட்டெழுத்தாகிய திருமந்திரம், துவயம், சரமசுலோகம் என்ற மந்திரங்கள் மூன்றையும் ரகசியத்திரயம் என்பர். திருக்கோட்டியூர் நம்பியிடம் பலமுறை நடந்து பெற்ற உபதேசத்தை இராமானுசர் கோயிலின் மேல் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்ற குருபரம்பரைக் கதை, காத்தலுக்கும் வெளியிடலுக்கும் இடையிலுள்ள பூசலையே மையமாகக் கொண்டது. பழைய விவிலியத்தில் இதைவிட நேரான ஒரு தொடர் இருக்கிறது. பவுல் தம்மையும் தம் தோழர்களையும் ‘தேவனுடைய இரகசியங்களின் உக்கிராணக்காரர்’ என்கிறார் (1 கொரிந்தியர் 4:1). உக்கிராணம் என்றால் பண்டசாலை. சாவியைக் கையில் வைத்திருந்து, எசமானன் சொன்னவர்க்கு அளந்து கொடுப்பவர் உக்கிராணக்காரர். நாம் தேடும் வகையை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன தமிழ்த்தொடர் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. பூட்டி வைத்தல், பொறுப்பு, அளந்து கொடுத்தல் ஆகிய மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன. குறை ஒன்றே: உக்கிராணம் இன்று வழக்கொழிந்துவிட்டது, அடிக்குறிப்பு இல்லாமல் இளையவர்களுக்குப் புரியாது.

அந்தத் தொடரின் உள்ளடக்கத்தை இன்றைய சொற்களில் கொண்டுவர முயன்றால் ‘மறைகாப்போர்’ என்ற தொகை கிடைக்கிறது. ஒருவரைக் குறிக்க ‘மறைகாப்பாளர்’ எனலாம். காப்பு என்ற உறுப்பு இரகசியத்தோடு இணைந்து வழங்குவது நமக்குப் புதிதன்று. அமைச்சர்களுக்கு ஆளுநர் பதவிப் பிரமாணமும் இரகசியக் காப்புப் பிரமாணமும் செய்துவைப்பதை ஒவ்வொரு பதவியேற்பு விழாவிலும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அந்தத் தொடரைக் கேட்ட எவருக்கும் ‘காப்பு’ என்பது வெளியே விடாமை என்று விளங்கிவிடும். ‘மறைகாவலர்’ என்பதை நான் விலக்குகிறேன். காவலர் என்ற சொல்லைக் காவல்துறை எடுத்துக்கொண்டுவிட்டதால் அது சீருடை அணியாத காவலரைப் போல் ஒலிக்கிறது. ‘இரகசியம் காப்போர்’ என்பதும் தவறில்லை, ஆனால் அமைச்சரவைக் கோப்பின் வாடை அதில் வீசுகிறது. செய்யுளையும் சடங்கையும் காத்தவர்களுக்கு அது போதாது.

மறைகாப்போர் என்பதை வேதத்தைப் பாதுகாப்பவர் என்று படிக்க வாய்ப்புண்டே என்ற மறுப்பு நியாயமானது. அதற்குக் கொடுக்கும் விலையை ஏற்றுக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. மறையோர் என்ற சொல் ஆளைக் குறித்து உறைந்துவிட்டது. மறைகாத்தல் என்ற வினைத்தொடர் அப்படி உறையவில்லை. வினை சேர்ந்து வரும் இடத்தில் மறை தன் பழைய பொருளை மீட்டுக்கொள்கிறது என்பதை முன்பே பார்த்தோம். ட்ரூயிட் போன்ற இடங்களில், ஓதப்படும் நூல் என்ற நிழற்பொருள் உடன் வருவது கெடுதலும் அன்று. மேலும் இச்சொல் புகழவும் இல்லை, இகழவும் இல்லை. காக்கப்பட்ட பொருள் உயர்ந்ததா, வெறும் பாவனையா என்ற தீர்ப்பை வாசகரிடமே விட்டுவிடுகிறது. பூசகர்களுக்கு மட்டுமின்றித் தொழிற்குழுக்களுக்கும் அதை நீட்டிக்கலாம். பொற்கொல்லர் தம்முள் பொன்னைப் ‘பறி’ என்றும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்றும் சொல்லிக்கொள்வதைக் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாக இலக்கண உரைகள் தருகின்றன. குழுவுக்குள் மட்டும் புழங்கும் மறைச்சொல்லுக்கு ஒரு தனிப்பெயர் வைத்திருந்த மொழிக்கு, அதைக் காப்பவருக்கு ஒரு பெயர் வைப்பது மிகையாகாது.

எலியூசிஸ் மட்டும் இந்த ஏற்பாட்டுக்கு முழுமையாக அடங்க மறுக்கிறது. அங்கே தீட்சை பெற்றவர் ‘மிஸ்தேஸ்’. மூடுதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்த சொல் என்பர், மூடப்படுவது கண்ணோ வாயோ. அடுத்த படிக்கு ஏறியவர் ‘எபோப்தேஸ்’, அதாவது கண்டவர். கண்டவர் விண்டிலர் என்ற நம் வழக்கு அவர்களுக்கு அப்படியே பொருந்தும். கண்டதை வெளியே சொன்னவருக்கு ஏதென்சில் மரண தண்டனை வரை போகலாம், கி.மு. 415இல் அல்கிபியாடீசு என்ற தளபதி அச்சடங்கை வீட்டில் நடித்துக் காட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டுத் தப்பியோட வேண்டியிருந்தது. இவ்விரு படியினரையும் மறைகாப்போர் என்று தயங்காமல் எழுதலாம். ஆனால் அச்சடங்கின் தலைமைப் பூசகருக்குப் பெயர் ‘ஹியரோஃபாந்தேஸ்’: புனிதமானதைக் காட்டுபவர். யூமோல்பிடே என்ற ஒரே குடியிலிருந்து வந்த அவர், பிற்காலத்தில் பதவியேற்றவுடன் தம் இயற்பெயரையே வெளியில் வழங்காமல் மறைத்துவிடுவார். அப்படியிருந்தும் அவருடைய பதவிப்பெயர் மறைத்தலைச் சொல்லாமல் காட்டுதலைச் சொல்கிறது, ஏனெனில் சடங்கின் உச்சியில் மண்டபத்துக்குள் திரண்டிருப்பவர்முன் அந்தப் பொருளை வெளிக்கொணரும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. அவரை மறைகாப்பாளர் என்றால் அவர் செய்யும் ஒரே தனிச்செயல் விட்டுப்போகும். அந்த ஒருவருக்கு மட்டும் ‘மறைகாட்டுநர்’ என்று எழுதுவதே என் தேர்வு.